இரண்டு விரல் இடம்

அளவக்காவின் காதில் விழும்படி யாரும் ‘சுமாரா’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தார்கள். “சுமாரா ஒரு சட்டை தைச்சுத் தந்தா போட்டுக்குவீங்களா? ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா?” என்று பிடித்துக்கொள்வாள். வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருடம் கழுத்தில் டேப்போடு கழிந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் டேப், பஸ் ஏறினாலும் டேப். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வரும்.

கடை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒடுக்கமான அறை. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்ப்பதற்கு ஒரு திரை மறைப்பு. அளவெடுத்து நோட்டில் எழுதுவது அளவக்கா. எழுதியதைப் பார்த்துத் துணி வெட்டுவது அவள் தங்கை. தங்கைக்கு நாற்பத்தேழு வயதாகியும் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான்.

அளவக்காவின் புகழெல்லாம் காலரில் இருந்தது. கழுத்தைச் சுற்றி டேப்பை வளைப்பாள். டேப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைப்பாள். பிறகுதான் எண்ணைப் படிப்பாள். அந்த இரண்டு விரல் இடம் மூச்சு விடவும், தலையைத் திருப்பவும், பிடிக்காத ஆள் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும். “கழுத்துக்கு அரை இஞ்ச் சும்மா குடுக்கணும். அதுக்குமேல குடுத்தா சட்டை இல்ல, சாக்கு” என்பாள். கழுத்து என்றில்லை, எதைச் சுற்றி டேப் போட்டாலும் அந்த விரல்கள் தாமாகவே உள்ளே போய் நிற்கும்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஓட்டலில் இருந்து, டை கட்டி நிற்கும் ஆட்களுக்காக நாற்பது சட்டை தைக்கக் கேட்டார்கள். அளவெல்லாம் எடுத்தாயிற்று. அந்த வாரம் பார்த்து, வேறு யாருக்கோ வெட்டிய காலரில் டேப் வைத்துப் பார்த்த அளவக்கா, நோட்டில் எழுதியதைவிட அது அரை இஞ்ச் குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“எழுதினதை எழுதினபடி வெட்டு. உன் மேதாவித்தனத்தைக் கத்தரிக்கோல்ல காட்டாத!”

சின்னவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நாற்பது சட்டையையும் வெட்டினாள். தைத்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் ஓட்டல் மேலாளர் போனில் கத்தினார். நாற்பது காலரும் தொளதொளவென்று இருக்கிறதாம், டை கட்டினால் கிணற்றுக்குள் கழுத்து நிற்கிற மாதிரி இருக்கிறதாம். சட்டைகளைத் திருப்பிக்கூட அனுப்பவில்லை. வேறு கடையில் கொடுத்துச் சரிபண்ணிக்கொள்கிறோம், இனி உங்கள் பக்கமே வரமாட்டோம் என்று வைத்துவிட்டார். ஒரே ஒரு சட்டையை வாங்கி டேப் வைத்திருந்தால் உண்மை அன்றைக்கே தெரிந்திருக்கும். கோபம் வந்தால் அளவக்காவுக்குக் கழுத்தில் தொங்குகிற டேப்கூடக் கண்ணில் படாது.

“வேணும்னே பண்ணியிருக்க! நான் திட்டினதுக்குப் பழி வாங்கிட்ட! என் அளவு முப்பது வருஷமா தப்பினதே இல்ல!”

சின்னவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள், வெளியே போனாள், அவ்வளவுதான். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வீட்டிலேயே திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டார்கள். ஜன்னலுக்குக் கழுத்தில்லை, தொல்லையில்லை.

தைத்த துணியை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சின்னவளின் வேலையாக இருந்தது. இப்போது அதுவும் அக்கா தலையில் விழுந்தது. மருந்துக்கடைக்காரரிடம் பழைய கியர் சைக்கிள் ஒன்று கைமாற்றாக வாங்கினாள். முதல் வாரம் முட்டி கழன்றது. இரண்டாம் மாதம், துணி கொடுத்த பிறகும் வீட்டுக்குத் திரும்பாமல் ஊரைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். மருந்துக்கடைக்காரர் ஒரு சைக்கிள் குழுவின் செயலாளர். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் இருநூறு கிலோமீட்டர் ஓட்டினால் அந்தக் குழு கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தரும். எந்தச் சாலையில் வேண்டுமானாலும் போகலாம், இடுப்புப் பையில் இருக்கும் போன் தூரத்தைக் கணக்குப் பண்ணும்.

அந்தச் சான்றிதழ் தனக்கு வேண்டும் என்று அளவக்கா ஒற்றைக்காலில் நின்றாள். எதற்கு? கடை வாசலில் மாட்ட. சின்னவள் போகிற பஸ் கடை வாசல் வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதைப் பார்க்க வேண்டும். நீ இல்லாமல் நான் ஒன்றும் முடங்கிப் போகவில்லை என்று அவளுக்கு உறைக்க வேண்டும். ஒரு சான்றிதழைப் பஸ்ஸில் போகிறவள் படிக்க முடியுமா என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் கேட்டார். “பெருசா பிரிண்ட் போட்டுக்கறேன்” என்றாள்.

போன் கணக்கை அவள் நம்பவில்லை. வானத்தில் இருப்பவன் எப்படி அளப்பான்? சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினாள். சக்கரத்தின் சுற்றளவு எவ்வளவு என்று அது கேட்டது. இதைவிட லட்டு மாதிரி வேலை அவளுக்கு யார் கொடுப்பார்கள்? ஒரு டேப் போதாமல் இரண்டு டேப்பை ஊசி குத்தி இணைத்து, டயரைச் சுற்றி வளைத்து, எண்பத்து மூன்றரை இஞ்ச் என்று படித்து, மில்லிமீட்டராக்கிப் பதிந்தாள்.

புறப்பட்டது காலை ஐந்து மணிக்கு. மாலை ஆறரைக்குள் முடித்தாக வேண்டும். மீட்டர் நூறு காட்டியதும் திரும்பி, வந்த வழியே கடை வாசலுக்கு வந்தால் கணக்கு நேர்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் பாட்டுப் பாடிக்கொண்டே போனது. ‘50’ என்று எழுதிய கிலோமீட்டர் கல் வந்தபோது மீட்டரைப் பார்த்தாள். ஐம்பது புள்ளி ஆறு.

“கல்லு நட்டவன் சுமாரா நட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு மிதித்தாள். திரும்புகிற இடத்தில் கல்லுக்கும் மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. சாலைத் துறையையே வறுத்தெடுத்தாள். நூற்றைம்பதில் பாட்டு நின்றது. நூற்றெழுபதில் உள்ளங்கை மரத்துப்போய், பிரேக் எது மணி எது என்று தெரியவில்லை. எதிர்க்காற்று வேறு, எந்த ஜென்மத்துப் பகையோ. இரண்டு தடவை இறங்கி அழுதாள். பஸ் ஜன்னலோரம் சின்னவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் மறுபடி ஏறினாள். கோபத்துக்கு அவ்வளவு சத்து இருக்கிறது என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

கடை வாசலில் கால் ஊன்றியபோது மீட்டர் காட்டியது, இருநூறு. மணி ஆறு மூன்று. வீட்டுக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். மருந்துக்கடைக்காரர் கைதட்டிக்கொண்டே அவள் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். தட்டிய கை அப்படியே நின்றது.

“அக்கா... இதுல நூத்தித் தொண்ணூத்தேழு புள்ளி ஆறுதான் இருக்கு.”

“எது?”

“இன்னும் ரெண்டு புள்ளி நாலு ஓட்டணும்.”

அளவக்கா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். “இந்தப் போனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு! என் மீட்டர் தப்பாது. நான் அளந்த அளவுங்க அது!”

“கிலோமீட்டர் கல்லு எதையும் பார்க்கலையா நீங்க?”

பார்த்தாளே! ஒவ்வொரு கல்லையும் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாளே! போனும் தப்பு, நூறு கல்லும் தப்பு, தான் ஒருத்தி மட்டும் சரி என்று சொல்ல அளவக்காவுக்குக்கூட வாய் வரவில்லை.

“அளவு பார்த்தது போதும், மொதல்ல ஏறி ஓட்டு!” என்று வீட்டுக்காரர் பதறினார்.

அவள் கேட்டால்தானே? கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். மேஜையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஊசி குத்தினாள். சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, டயரோடு டேப்பை ஒட்டி இழுத்துப் படித்தாள். எண்பத்திரண்டரை.

மறுபடி வளைத்தாள். இந்தத் தடவை எப்போதும் போல. அப்போதுதான் கண்ணில் பட்டது. டேப்புக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் நின்றுகொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமல், யாரையும் கேட்காமல்.

“அடிப்பாவி” என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். “டயருக்கு எதுக்குடி மூச்சு விட இடம்?”

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரரும் சிரித்தார். அளவக்கா சிரிக்கவில்லை. விரலோடு படித்த எண் எண்பத்து மூன்றரை. விரல் இல்லாமல் எண்பத்திரண்டரை. வித்தியாசம் ஒரு முழு இஞ்ச்.

ஒரு இஞ்ச் எப்படி? அவள் விரலுக்கு அரை இஞ்ச் அல்லவா? முப்பது வருடக் கணக்கு அல்லவா?

விரல்களைக் கண்முன்னே கொண்டுவந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற விரல்தான். கணுவெல்லாம் புடைத்து, வீங்கி, இரண்டு விரல் சேர்ந்து மூன்று விரல் கனத்துக்கு நின்றது. காலையில் மடக்க வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாளே, அதே விரல்கள். தைலம் தேய்த்தாள், அளந்து பார்க்கவில்லை. உலகத்தையே அளந்தவள் தன் விரலை அளக்கவில்லை. அப்படியானால் நாற்பது கழுத்து? நாற்பது கழுத்துக்கும் அரை இஞ்ச் அதிகமாக எழுதியது யார்?

“மணி ஆறு பதினாலுக்கா! இன்னும் பதினாறு நிமிஷம்தான் இருக்கு!” என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். “இந்தத் தெருவையே சுத்திச் சுத்தி வாங்க, போதும்!”

அளவக்கா போனைப் பிடுங்கிப் பையில் போட்டாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். தெருவைச் சுற்றவில்லை. பத்து மாதமாகப் போகாத திசையில், மேம்பாலத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் ஏத்தம்டி!” என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து கத்தினார். ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்த தொழில். அவள் காதில் விழவில்லை.

மேம்பாலத்தில் கால் இரண்டும் கெஞ்சின. பாதி ஏற்றத்தில் நின்றே போயிருப்பாள். “வேணும்னே பண்ணியிருக்க” என்று தான் கத்தியது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் நிற்க முடியவில்லை. இறக்கத்தில் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை.

சின்னவள் கதவைத் திறந்தபோது எதிரில் நின்றது வியர்வையும் புழுதியும் கண்ணீருமாக ஒரு உருவம். திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள்.

“ஐயோ அக்கா! யாருக்கு என்ன ஆச்சு?”

“என் விரலுடி.” அளவக்கா இரண்டு விரலையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “என் விரல்தான்டி தப்பு. நீ இல்ல. வீங்கியிருக்குடி, பாரு. ஒரு இஞ்ச் வருது. எனக்குத் தெரியவே தெரியாதுடி.”

சின்னவள் விரல்களைப் பார்க்கவே இல்லை. “எனக்குத் தெரியும்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வீங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா நீ எழுதினதுல அரை இஞ்ச் குறைச்சுத்தான் வெட்டினேன். எல்லாக் காலரும். ஒருத்தர் குறை சொல்லலையே. அப்புறம் நீதான் எழுதினபடி வெட்டுன்னு சொன்ன. வெட்டினேன்.”

இருநூறு கிலோமீட்டர் செய்யாததை அந்த வார்த்தை செய்தது. அளவக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம்! ஊரே மெச்சிய காலரெல்லாம் இவள் வெட்டிய காலரா? தினமும் தன் பக்கத்தில் நின்று, தன் பேச்சையும் வாங்கிக்கொண்டு, தன் தப்பை ஒவ்வொரு அரை இஞ்ச்சாக இவள் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாளா?

“ஏன்டி வாயைத் திறந்து சொல்லல?”

“சொன்னா டேப்பைக் கீழ வெச்சிருவ. அதை வெச்சுட்டு நீ என்னக்கா பண்ணுவ?” சின்னவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். “அன்னைக்குக் கோபத்துல வெட்டிட்டேன். வேணும்னேதான் வெட்டினேன். நீ சொன்னது பொய்யில்ல.”

அந்த நேரம் பார்த்துப் பையிலிருந்த போன் அலறியது. வீட்டுக்காரர்.

“இருநூறு ஆச்சா? நாலு நிமிஷம்தான் இருக்காம்!”

சின்னவள் போனை வாங்கிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. என்ன ஏது என்று அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பாதி போதுமானதாக இருந்தது.

“அடக் கடவுளே, எந்திரி! இருநூறு மீட்டர் பாக்கி வெச்சுட்டு இங்க உக்காந்து அழுவுற? தெரு முனை வரைக்கும் போயிட்டு வா. அழுகை எங்கயும் ஓடிடாது!”

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அளவக்கா சைக்கிளில் ஏறப் போனவள் நின்று, கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். தங்கையின் கழுத்தில் போட்டாள்.

“கனமா இருக்குடி. வர்ற வரைக்கும் வெச்சிரு.”

“வந்ததுக்கு அப்புறம்?”

அளவக்கா ஏறி மிதித்தாள். தெரு முனையில் ஒரு ஆட்டோவை உரசாமல் தப்பித்துத் திரும்பினாள். தங்கை வீட்டு வாசலுக்கு வந்தபோது போன் காட்டியது இருநூறு புள்ளி பூஜ்ஜியம். மணி ஆறு இருபத்தெட்டு.

சின்னவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டேப் இன்னும் கழுத்திலேயே இருந்தது.

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறப்ப?” என்று கேட்டாள்.

“ஒன்பதுக்கு” என்றாள் அளவக்கா. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, “சுமாரா” என்றாள்.