ஒரு சொட்டு அதிகம்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி எண்ணெயால் வந்தவை. சமையல் எண்ணெய் இல்லை, ஊசி எண்ணெய். அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அவர் ஃபிட்டர், நான் துணி செக்கிங். பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷினுக்குள் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் குறைந்தால் ஊசி சூடாகி உடையும். கூடினால் ஊசி இடுக்கின் கருப்பு அழுக்கையும் சேர்த்துக்கொண்டு துணியில் இறங்கிக் கறையாகும். மெஷினுக்கு எண்ணெய் கொடுப்பது அவர் வேலை, கறையைக் கண்டுபிடிப்பது என் வேலை. இப்படி ஒரு பொருத்தத்தை எந்த ஜோசியரும் பார்த்திருக்க மாட்டார்.

எண்ணெய் விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். டப்பாவில் என்ன நம்பர் போட்டிருந்தாலும் சரி, விற்பவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் சரி, சாம்பிளுக்கு ஒரு சின்ன பாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பனியன் துணித் துண்டில் சில சொட்டுகள் விட்டு ஊறவைத்து, என் சோப்பில் அலசி, என் கொடியில் காயப்போடுவார். வெயிலில் மஞ்சள் தட்டாத எண்ணெய்தான் ஊசிக்குப் போகும். கியருக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய்க்குத் தனி கேன், தனி புனல். யாராவது மாற்றி எடுத்துவிட்டால் சாமியாடிவிடுவார். மூடிமேல் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கிவிடக்கூடாதென்று பேரலைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயும் போர்த்துவார். "ஏனுங்க, நானும் ஒரு பேரலாப் பொறந்திருந்தா எனக்கும் இப்படிப் போத்தி உட்டிருப்பீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே என் சேலையை ஒதுக்கிவிட்டு இன்னொரு துண்டைக் கொடியில் மாட்டுவார்.

எத்தனை சொட்டு என்பதை மட்டும் காதால்தான் முடிவு செய்வார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். ஊசி காயத் தொடங்கினால் கீச்சென்று மெலிசாக ஒரு சத்தம் வருமாம். எண்ணெய்த் திருகை மெல்லத் திறந்து, அந்தச் சத்தம் அடங்கியதும் நிறுத்திவிடுவார். அத்தனை இரைச்சலுக்குள் அது அவருக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் பெருமையும்தான்.

ஒரு வருஷம் ஆடி கழிந்ததிலிருந்து கறை வர ஆரம்பித்தது. துணியை விளக்குக்கு நேரே பிடித்தால் நெடுக ஒரு கருங்கோடு. பழி எண்ணெய் மேல் விழுந்தது. மெலிசான எண்ணெய் வாங்கிப் பார்த்தோம், கெட்டியானதும் வாங்கிப் பார்த்தோம். வீட்டுக் கொடியில் எல்லாத் துண்டும் பளிச்சென்று வெளுத்தன. கம்பெனித் துணியில் மட்டும் கோடு போகவில்லை. சாயப்பட்டறையிலிருந்து ரோல்கள் திரும்பி வந்தன.

முதலாளி தங்கமான மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருகிட்ட நேரா சொல்ல மனசு வரலீங்க. இன்னொருக்கா ரோல் திரும்பி வந்துச்சுன்னா வேற ஃபிட்டரைத்தான் பாக்கோணுங்க" என்றார். அந்த மெஷின்களைக் கழற்றி மாட்டுவதையே வாழ்க்கையாக வைத்திருந்த மனுஷர் வேறு எங்கே போய் நிற்பார்?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓய்வது அபூர்வம். அன்று கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கடைசி மெஷினுக்கு அவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் உடைக்கக் கூப்பிட்டேன். எனக்கு முதுகு காட்டி நின்றவர் திரும்பவில்லை. "ஏனுங்க, உங்களைத்தானுங்க!" என்று பக்கத்தில் போய்க் கத்தியும் அசையவில்லை. "அண்ணன் பக்தியில மூழ்கிட்டாரு" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் ஓடும்போது எங்களுக்குள் எல்லாப் பேச்சும் கைஜாடைதான். அங்கே யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? வீட்டிலோ என் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறார். புதிதாக வாங்கின செல்போன் அவர் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். அதைத் திமிர் என்று அல்லவா நான் நினைத்திருந்தேன்!

பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போனபிறகு, முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அந்தக் கீச்சுச் சத்தம் காதுல உழுகறதே இல்ல புள்ள. ஊசி காஞ்சு போச்சோ என்னமோன்னு பயந்துக்கிட்டு ஒரு சொட்டு சேத்தி உட்டுட்டே இருக்கறேன்."

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனிக்குள் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மெஷின் ஓடத் தொடங்கியதும் ஸ்க்ரூ டிரைவரை நான் வாங்கிக்கொண்டேன். காதில் வைத்தால் முதலில் வெறும் இரைச்சல். அவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். இரைச்சலுக்கு மேலே, மெலிசாக, தனியாக அது கேட்டது. கையைத் தூக்கினேன். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் திருகைத் துளி திறந்தார். சத்தம் அடங்கியது. கையை இறக்கினேன். எல்லா மெஷினுக்கும் அப்படியே செய்தோம். மத்தியானம் இறங்கிய துணியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை.

சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பினால், பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். என் காதில் ஸ்க்ரூ டிரைவர், என் முகத்தையே பார்த்தபடி என் வீட்டுக்காரர். புரிந்துகொள்ள வேறு என்ன வேண்டும்? சட்டென்று ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

எங்களை வாசலுக்கு வரச்சொல்லி ஜாடை காட்டினார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரருக்கு எதிரே வந்து நின்று, அவர் முகம் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"ஏனுங்க, செக்கிங் டேபிளை மெஷினுக்குப் பக்கத்துலயே போட்டுக்கலாமுங்க. அந்த மூலைலதான் நல்ல வெளிச்சம்."

அந்த மூலையில் ஜன்னலே கிடையாது. மறுநாள் காலையில் முதலாளியே ஒரு டியூப் லைட் வாங்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி அதை மாட்டினார், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.