இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரு களிமண் குழியும்

என் அக்கா பிரெஞ்சுக் குடிமகள். புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு ராணுவத்தில் வேலை. கல்யாணமான கையோடு பாரிஸ் பக்கம் போனவள், பிள்ளை இல்லாமல் புருஷனும் போன பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா பாகம் பிரித்தபோது அவளுக்கு விழுந்தது கம்மாபுரம் போகும் வழியில் உள்ள மேட்டு நிலம். அதன் நடுவில் ஒரு பெரிய குழி. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு அப்பா களிமண் வெட்டி விற்ற இடம். வெட்டு நின்ற பிறகு மழைத்தண்ணீர் தேங்கிக் கோரை முளைத்தது, பறவைகள் குடிவந்தன.

ரோட்டோர நிலம் எனக்கு வந்தது. காட்டிய இடத்திலெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, “அக்காளுக்குக் குழிய குடுத்துட்டு இவன் ரோட்டோரத்த வச்சிக்கினான் பாரு” என்று ஒரு சொந்தக்காரர் என் காதுபடவே சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் எனக்குக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. அன்றிலிருந்து அக்கா சொத்தில் ஒரு சாண்கூட என் பேரில் வரக்கூடாது என்று வைராக்கியம். சின்னதாக ஒரு பட்டறை வைத்து, பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்து பிழைக்கிறவன் நான். சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அக்கா ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் வந்தாள். வந்த மறுநாளே ஆட்டோ பிடித்துக் குழிக்குப் போய்விடுவாள். “முக்குளிப்பான் குஞ்ச முதுவுல ஏத்திக்கினு போவுது தம்பி, வந்து பாரு” என்பாள். எனக்கு உலை எரியும் நாளாக இருக்கும், போகமாட்டேன். ஒரு வருஷம், நிலக்கரிச் சுரங்கம் இந்தப் பக்கமும் வரும் என்று பேச்சுக் கிளம்பி, டூவீலரில் புரோக்கர்கள் அலைந்தார்கள். அக்கா பயந்துபோனாள். பறவைகளையும் நீர்நிலைகளையும் காப்பாற்றும் ஒரு டிரஸ்டு புதுச்சேரியில் இருந்தது. அதற்கே நிலத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

“உயில்ல எழுதி வச்சிடேன்” என்றேன்.

“செத்தப்புறம் குடுக்கறது குடுக்கறதா? நமக்கே அப்ப அது வேணாம். உயிரோட இருக்கசொல்ல என் கையால குடுக்கணும்” என்றாள்.

ஜங்ஷன் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னார்: “அம்மா வெளிநாட்டுக் குடிமகள். அப்பா வழியில வந்த விவசாய நெலத்த வச்சிக்கலாம். ஆனா தானம் குடுக்கறதுன்னா இங்கயே இருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் குடுக்கலாம். டிரஸ்டு எப்பிடிங்க குடிமகன் ஆவும்? மத்திய வங்கியில தனியா அனுமதி வாங்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இல்லன்னா சுலபமான வழி ஒண்ணு இருக்குது. அம்மா உங்க பேருக்கு தானம் எழுதட்டும். நீங்க வாங்கி டிரஸ்டுக்கு எழுதிடுங்க.”

அக்கா அங்கேயும் விசாரித்திருந்தாள். பிரான்சில் குடியிருப்பவர் எந்த நாட்டிலுள்ள சொத்தைத் தானம் கொடுத்தாலும் அங்கே வரி கட்ட வேண்டுமாம். அந்த ஊர்த் தொண்டு நிறுவனம் என்றால் விலக்கு. நம் ஊர் டிரஸ்டை யாரோ எவரோ என்று வைத்துப் பாதி மதிப்புக்கும் மேல் கேட்பார்களாம். கூடப்பிறந்தவனுக்கு என்றால் கொஞ்சம் குறைவு. விருத்தாசலத்துக் களிமண் குழிக்குப் பாரிஸில் வரியா என்று நான் சிரித்தேன். “கட்டிடறேன், எங்காசுதானே. நீ வாங்கிக்க தம்பி” என்றாள்.

மாட்டேன் என்றேன். ஊர் பேசும் என்றேன்.

“ரெண்டு நாளு உம்பேர்ல இருந்தா கறை புடிச்சிக்குமா?”

“எதுக்குக்கா வம்பு? அனுமதி வாங்கி நேரா குடுத்துடலாம். நான் பாத்துக்கறேன்.”

சரி என்று தலையை ஆட்டினாள்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். விண்ணப்பம் போட்டோம். மூலப்பத்திரம் கேட்டார்கள், அனுப்பினேன். குடியுரிமைச் சான்று கேட்டார்கள், டிரஸ்டின் பத்திரம் கேட்டார்கள். கேட்கக் கேட்க அனுப்பினேன், என் சாவகாசத்துக்கு. ஃபைல் பையோடு பஸ் ஏறும்போது, அக்கா சொத்துக்கு ஆசைப்படாத மனிதன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு கிறிஸ்மஸ் போனது, இன்னொன்றும் போனது. அடுத்ததற்கு அக்காவால் வர முடியவில்லை, இருதயத்தில் கோளாறு. போனில் கேட்டாள்.

“தம்பி, இப்பவாவது உம்பேருக்கு எழுதிடட்டுமா? தூதரகத்துல போயி பவர் எழுதி அனுப்பறேன். வேற யாரு பேருக்காவது பவர் போடறேன், அவங்க எனக்காக எழுதிக் குடுக்கட்டும், நீ வாங்கிக்க.”

“பதில் வர்ற நேரங்க்கா. கொஞ்சம் பொறு.”

“சரி. நீ சொன்னா சரி.”

அதற்கடுத்த போன் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து வந்தது.

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன். நான் தொடமாட்டேன் என்ற நிலம், யாரையும் கேட்காமல் எனக்கே வந்துவிட்டது. பிரெஞ்சில் இருந்த இறப்புச் சான்றைப் புதுச்சேரியில் மொழிபெயர்த்து வாங்கினேன். கோர்ட்டுக்குப் போனேன், தாலுகா ஆபீசில் தவம் கிடந்தேன். அவள் இருந்தபோது ஆறப்போட்டவன், இப்போது ஓடாத ஓட்டம் இல்லை. “இப்ப அனுமதியும் வேணாம், அந்த நாட்டு வரித் தொல்லையும் கம்மி. நீங்க இந்தியக் குடிமகன், நீங்களே குடுக்கலாம்” என்றார் ஆடிட்டர், நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி. எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டியது அவரை அல்ல என்றும் தெரிந்திருந்தது.

நான் நிலத்தை டிரஸ்டுக்குக் கொடுக்கப்போகிற சேதி கோயில் வாசலுக்குப் போய்விட்டது. முன்பு குழியைக் குத்திக்காட்டிய அதே சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொந்த நெலத்தத் தூக்கிக் குடுக்க யாருக்குய்யா மனசு வரும்” என்றார். அது என்னுடையது இல்லை, அக்கா ஆசைப்பட்டது என்றேன். “பாரு, எவ்ளோ அடக்கம்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். மறுத்துப் பேசப் பேச என் பெயர் கூடிக்கொண்டே போனது.

பதிவு அன்று டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சார்பதிவாளர் ஒரு பெண். பத்திரத்தைப் புரட்டியபடி கேட்டார்.

“சொத்து ஒங்களுக்கு எப்பிடி வந்துதுங்க?”

“எங்க அக்கா சொத்துங்க.”

“தானமா குடுத்தாங்களா?”

“குடுக்கறேன்னாங்க. நான் வாங்கிக்கல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்பறம்?”

“செத்துட்டாங்க.”

“அப்ப வாரிசு முறை” என்று சொல்லிவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். “இடது கட்டவெரல வைங்க.”

வைத்தேன். அக்கா கடைசிவரை என்னிடம் கேட்டதும் இவ்வளவுதான்.