பாலத்துக்கு முன்னால் ஒரு போத்தல் பெற்றோல்

போன வருடம் கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. நயினாதீவுக்குப் படகேறுவதற்காக நானும் என் மனைவியும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். எங்கள் ஊர் வேலணையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தோம். கடல் ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோலக் கிடந்தது. அசைந்தது, மின்னவில்லை.

அவள் அதற்கு முந்தின வருடம் இருதயக் குழாயில் அடைப்பு வந்து, யாழ்ப்பாணத்தில் சிகிச்சை செய்து தப்பினவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஒரு மஞ்சள் துணியில் கொஞ்சம் காசை வைத்து முடிந்து, உயிரோடு திரும்பினால் நயினாதீவுக் கோயில் அம்மாளின் காலடியில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று நேர்ந்தாள். முடிந்த காசைக் கோயில் வாசலில்தான் அவிழ்க்க வேண்டும். இடையில் எடுக்கக் கூடாது, எண்ணவும் கூடாது. இன்னொன்றும் இருந்தது. நேர்த்திக்குப் போகிற நாளில் வீட்டுக் காசு அம்மாளின் காசோடு கலக்கக் கூடாது என்பது அவளுடைய தாய் வீட்டு வழக்கம். அதனால் தன் கைப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முடிச்சை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

மற்றச் செலவெல்லாம் என் பொறுப்பு. நானோ காசு கொண்டு திரிவதை விட்டவன். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கார்டைக் காட்டினால் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடையிலும் கியூஆர் ஒட்டியிருக்கிறது. கிழிந்த நோட்டு இல்லை, மிச்சச் சில்லறைக்குப் பதிலாக ரொபி வாங்குகிற வெட்கமும் இல்லை. அவளுக்கு அது பிடிக்காது. “உங்கடை காத்துக் காசு” என்பாள். “காத்து நிண்டா என்ன செய்வியள்?”

காற்று அன்றைக்குத்தான் நின்றது. விடியப்புறம் இடித்த இடியில் அந்தப் பக்கத்துப் போன் கோபுரத்துக்கு என்னவோ நடந்திருக்க வேண்டும். துறையில் ஒரு பூக்காரியிடம் தாமரைப்பூவும் கற்பூரமும் வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த கியூஆர் மட்டைக்கு நேரே போனைப் பிடித்தேன். வட்டம் சுற்றியது. திரும்பவும் அழுத்தினேன், சுற்றியது. மூன்றாம் முறையும் அதேதான். பூக்காரி சிரித்தாள்.

“அண்ணை, உந்தச் சில்லு சுத்தி முடியேக்கை என்ரை பூ வாடிப்போம்.”

பஸ்ஸுக்கும் படகுக்கும் என்று வைத்திருந்த நோட்டுகளை அவளிடம் கொடுத்தேன். படகில் கைமாற்றுக் கேட்கத் தெரிந்த முகம் ஒன்று இல்லாமலா போகும் என்று நினைத்தேன். அப்போது நின்ற படகு நிறையச் சனத்தோடு போனது. நெரிசலுக்குள் வேண்டாம், அடுத்ததில் போவோம் என்றாள் மனைவி. படகு போனதும் துறை வெறிச்சோடிவிட்டது. மழை இறங்கப் பூக்காரியும் படங்கை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் மனைவி சொன்னாள். “இஞ்சருங்கோ, வாய்வு போலை கிடக்கு. ஒரு சோடா குடிச்சாச் சரிவரும்.”

வாய்வு. எங்கள் பக்கத்தில் எத்தனை நெஞ்சுகளுக்கு அந்தப் பெயரை வைத்துச் சமாதானம் சொல்லியிருப்போம். நானும் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி. துறைக்கடையில் கடைசிச் சில்லறையையும் கொடுத்து ஒரு சோடா வாங்கினேன். பாதி குடித்தாள். போத்தலைத் திருப்பித் தரும்போது அவள் மேலுதட்டில் ஈரம் இருந்தது. மழையில் அவள் நனையவில்லை. அது வியர்வை. இடது கையை மற்றக் கையால் பிடித்து, ஏதோ பிள்ளையைத் தாங்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை?”

“கைப்பைக்குள்ளை.”

கைப்பை வேலணையில், அலுமாரிக்குள், பூட்டிக் கிடந்தது.

  போனை எடுத்தேன். ஆம்புலன்சுக்கு அடிக்கக் கவரேஜ் ஒரு கம்பி கூட இல்லை. துறைக்கடைக்காரரின் போனும் அப்படித்தான். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் எப்போது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஒரேயொரு ஓட்டோ மரத்தடியில் நின்றது. ஓட்டோக்காரத் தம்பி அவளுடைய முகத்தைப் பார்த்தார். காசைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

“ஏறுங்கோ அண்ணை. அக்காவைச் சாய்ச்சுப் பிடியுங்கோ. இஞ்சை பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ?”

“யாழ்ப்பாணம்” என்றேன். திரும்ப வலி வந்தால் வேறெங்கும் நிற்காமல் நேரே வாருங்கள் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

புங்குடுதீவுத் தெருவில் கொஞ்சத் தூரம் போனதும் ஓட்டோ ஒருமுறை விக்கியது. தம்பி குனிந்து பார்த்தார். அவருடைய பிடரியைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

“பெற்றோல் பாலத்தைத் தாண்டாது அண்ணை. வாற சனத்தைப் பாத்து அடிப்பம் எண்டு இருந்தனான். முன்னுக்கு ஒரு வீட்டிலை போத்தலிலை விக்கிறவை. காசு கிடக்கோ?”

“போனிலை கிடக்கு.”

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நிலைமையிலும் ஒரு சிரிப்பு வந்து போனது அவருக்கு. “என்ரையும் போனிலைதான் அண்ணை. கையிலை இருந்ததை மனிசி காலமை சீட்டுக்கு எண்டு பறிச்சிட்டா.”

ஓட்டோவின் முன்கண்ணாடியிலும் ஒரு கியூஆர் ஒட்டியிருந்தது. இரண்டு போன்கள் நிறையக் காசு. ஒரு போத்தல் பெற்றோல் வாங்க வழியில்லை. பாலத்தை நினைத்தேன். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவே நீண்டு கிடக்கிற அந்தத் தெரு. இரண்டு பக்கமும் கடல், வீடு கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதன் நடுவில் ஓட்டோ நின்றால்? நான் தள்ளுவேன். தம்பியும் தள்ளுவார். உள்ளே அவள்?

அந்த வீட்டுப் படலைக் கதவில் ஒரு மட்டைத் துண்டு தொங்கியது: ‘போன் காசு இல்லை.’ குரல் கொடுத்ததும் ஒரு பெண் வந்தார், என் வயதுதான் இருக்கும். தம்பி விசயத்தைச் சொன்னார். அந்த அக்கா கையை விரித்தார்.

“தம்பி, கோவியாதையும். காசு அனுப்பிட்டம் எண்டு போனிலை பழைய படத்தைக் காட்டி மூண்டு பேர் வாங்கிக்கொண்டு போயிட்டினம். இது என்ரை பெற்றோலும் இல்லை. கொண்டந்து தாறவருக்குப் பின்னேரம் காசு வைக்க வேணும். கவரேஜும் இல்லை, என்னத்தை நம்பித் தாறது?”

“என்ரை மனிசி அக்கா. நெஞ்சு வலி” என்றேன். குரல் வெளியே வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மழை படலையில் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஓட்டோவின் உள்ளே தெரியவில்லை. தம்பியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாந்தவர்களின் பார்வை அது. அதை நான் குறை சொல்ல ஏலாது.

திரும்பி ஓட்டோவுக்கு ஓடினேன். அவளுடைய இடுப்பில் மஞ்சள் துணியின் நுனி தெரிந்தது.

இந்த இடத்தை நான் நூறுதரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்கு நான் போவது அவளுக்காக. நேர்த்தி, முடிச்சு எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிறவன் நான். ‘அம்மாளுக்கும் ஒரு கியூஆர் ஒட்டினால் என்ன’ என்று பஸ்ஸுக்குள்ளே கேட்டு ஒரு கிள்ளும் வாங்கியிருந்தேன். துணியை உருவி எடுத்தேன். முடிச்சில் விரல் வைத்தேன். விரல் அசையவில்லை. அந்த முடிச்சுக்குள் இருப்பது காசில்லை, ஒரு வருடமாக அவள் விட்ட மூச்சு முழுதும் அதற்குள்ளேதான் இருக்கிறது, அவிழ்த்தால் போய்விடும் என்று ஒரு பயம். எங்கிருந்து வந்ததோ தெரியாது. என் தலைக்குத் தெரியாத ஏதோ ஓர் ஆழத்திலிருந்து எழும்பி வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டது. நான் நடுங்கினேன். பகிடி பண்ணின நான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“இஞ்சை தாங்கோ.”

“வேண்டாம். நீர் பேசாதையும்.”

“தாங்கோ எண்டுறன்.”

வாங்கினாள். இடது கை எழும்பவில்லை. துணியை வாயில் வைத்துப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். மஞ்சள் அவள் உதட்டில் ஒட்டியது. நோட்டுகள் மடியில் விழுந்தன. அவற்றைத் துணியோடு அள்ளி என் கையில் வைத்து, “கொண்டுபோய்க் குடுங்கோ” என்றாள்.

படலைக்கு ஓடி நீட்டினேன். அந்த அக்கா கையை நீட்டினவர், மஞ்சள் துணியைக் கண்டதும் நெருப்பில் பட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, இது அம்மாளின்ரை எல்லோ!”

“ஓம். அவிழ்த்தாச்சு.”

“எனக்கு வேண்டாம் அண்ணை. உதை நான் தொடமாட்டன்.”

காற்றில் இருந்த காசு வரவில்லை. கையில் இருந்த காசை வாங்க ஆளில்லை. ஒரு கணம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு வழியும் அடைபட்டுவிட்டது. நான் மழையில் அந்தத் துணியை நீட்டியபடி நிற்கிறேன், பின்னால் அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது, அல்லது கேட்பதுபோல இருக்கிறது. அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அக்கா என்னை விலக்கிக்கொண்டு ஓட்டோவுக்குப் போய் உள்ளே குனிந்து பார்த்தார். உதட்டில் மஞ்சளோடு கிடந்தவளைப் பார்த்தார். பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். உள்ளே ஓடினார், இரண்டு போத்தலோடு வந்தார், புனலை மறந்து திரும்ப ஓடினார். தம்பியைப் பார்த்து, “என்ன விறைச்சுப்போய் நிக்கிறீர், மூடியைக் கழட்டுமன்!” என்று கத்தினார். அவரே ஊற்றினார். பாதி என் காலில் சிந்தியது.

“அக்கா, காசு...”

“முதல்லை போங்கோ!”

பாலம். இரண்டு பக்கக் கடலும் தெருவுக்கு ஏறிவரப் பார்த்தன. காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது, தம்பி அதை மறுபக்கம் வெட்டினார். நான் அவளுடைய முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதாவது கதை கேட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் கேட்டேன். இரவு என்ன கறி என்று கேட்டேன். கண் மூடப் பார்க்கும்போதெல்லாம் தட்டினேன். ஒருமுறை அவள் பதிலே சொல்லவில்லை. அந்த மௌனத்தின் நீளத்தை என்னால் அளக்க முடியாது. அதற்குள் நான் தனியாளாகி, வீட்டுக்குப் போய், அலுமாரியைத் திறந்து, கைப்பையைப் பார்த்துவிட்டேன். அப்போது அவள் முனகினாள். “அடியாதேங்கோ. முழிப்பாத்தான் இருக்கிறன்.”

வேலணைக் கரையில் ஏறினதும் என் சட்டைப் பைக்குள் போன் விழித்தது. டிக். டிக். டிக். பூக்காரிக்கு நான் அனுப்பப் பார்த்த காசு மூன்று தரமும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வாழ்க்கையில் எந்தச் சத்தத்தையும் நான் அப்படி வெறுத்ததில்லை. அதே போனில்தான் ஆம்புலன்சுக்கு அடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேலணைச் சாட்டிக் கடற்கரைப் பக்கம் எதிரே வந்து அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

தப்பினாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்குத்தர், என் முகத்தைப் பார்த்து அந்த வசனத்தை முடிக்காமல் விட்டார்.

தை பிறந்த பிறகு இருவருமாக அந்தப் படலைக்குப் போனோம். நீட்டின காசில் பெற்றோலின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் கையிலேயே அழுத்திவிட்டார் அந்த அக்கா. “உங்கடை மனிசன் அண்டைக்கு நிண்ட நிலையைப் பாத்திருக்க வேணும். உங்களை விட அவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏத்த வேண்டிக் கிடந்தது” என்று அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

வரும் வழியில் கேட்டேன். “அம்மாளின்ரை காசை அவிழ்க்க உமக்குப் பயமா இருக்கேல்லையோ?”

“அம்மாளுக்குப் பெற்றோல் விலை தெரியாதே?” என்றாள். பிறகு சொன்னாள். “உங்கடை கை நடுங்கினதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நான் போனா இந்த மனிசன் என்ன செய்யப்போகுது எண்டு.”

இப்போது நான் இரண்டும் வைத்திருக்கிறேன், சட்டைப் பையில் நோட்டும் போனுக்குள் காசும். இரண்டையும் நான் முழுதாக நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் “காசோ, கார்டோ?” என்று கேட்கிறார்கள், எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான்.  பக்கத்தில் அவள் நிற்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான், என் கை எந்தப் பைக்குள்ளும் போகிறது.