மாஸ்ரருக்குக் கால் போடாதவர்கள்

பலெர்மோவில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. யார் வைத்த வழக்கமோ தெரியாது, சிஞ்ஞோராக்கள் என்று நாங்கள் கூப்பிடும் வீட்டு எசமானிகள் எல்லாரும் அதைக் கடைப்பிடித்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தால், பஸ் தரிப்புகளில் எல்லாம் எங்கள் தமிழ் ஆட்கள் நிற்பார்கள். அதனால் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கும் வியாழன் பின்னேரமே பயிற்சி. இடம் நகரின் கால்சாப் பகுதியில், கடலுக்கும் வீதிக்கும் நடுவே, இடிந்த வீடுகளின் கல்லையும் ஓட்டையும் கொட்டி நிரப்பிய வெறுந்தரை. விழுந்தால் முழங்கால் தோல் நிச்சயம் போகும்.

நான் அந்தக் குழுவின் மொழிபெயர்ப்பாளர். வேறு ஆள் இல்லாததால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பதவி. ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தேன். இங்கே ஒரு சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்தேன். ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணங்களையும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளையும் வீடியோ எடுத்தேன். தம்பி மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். குழுவில் அவன் பின்வரிசை. குழுவைப் பழக்கியவர் ஒரு ருமேனியர். அவருக்குத் தமிழ் தெரியாது. பெடியளுக்கோ அடுக்களைக்கு வெளியே இத்தாலியன் ஓடாது. நான் மாலை வகுப்புக்குப் போய் இத்தாலியன் படித்திருந்தேன். ஆகவே அவர் கத்துவதை நான் தமிழில் கத்த வேண்டும். இங்கே அவர் பேசியதாக எழுதுவதெல்லாம் நான் தமிழாக்கியவைதான்.

எதையும் வரிசைப்படுத்தி வைப்பது என் பழக்கம். அவர் துண்டு துண்டாகச் சொன்ன வாழ்க்கையையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இரும்பு ஆலை இருந்த ஒரு சிறு நகரம். ஆலையின் குழுவில் முன்வரிசை ஆட்டக்காரர். பிறகு தலைநகரில் ஒரு பெரிய குழு. கோல்கள், பத்திரிகையில் படம், இறைச்சிக்கடை வரிசையில் முன்னுக்கு விடும் அளவு மரியாதை. வெளிநாட்டுக் குழுக்கள் கேட்டபோது அரசாங்கம் விடவில்லை. ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்தபோது அவர் முப்பதை எட்டிக்கொண்டிருந்தார். சிசிலியில் கீழ்ப் பிரிவுக் குழு ஒன்றுதான் கிடைத்தது. இரண்டாவது பருவத்தில் ஒரு கோல் காப்பாளர் அவருடைய வலது முழங்காலின் மேல் விழுந்தார். ஊசி போட்டு ஆட வைத்தார்கள். ஊசி வேலை செய்யாமல் போனதும் ஒப்பந்தமும் போனது. அதற்குப் பிறகு மொண்டெல்லோ கடற்கரையில் குடையும் சாய்கதிரையும் வாடகைக்கு விடும் வேலை.

அங்கேதான் தம்பி அவரைக் கண்டான். உணவகம் திறக்குமுன் எங்கள் பெடியள் வெறுங்கடற்கரையில் பந்து அடிப்பார்கள். ஒரு காலை, குடைகளை நட்டுக்கொண்டிருந்தவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து தம்பியின் தோளைப் பிடித்து இரண்டு அடி தள்ளி நிறுத்தினார். அடுத்த பந்து நேராகத் தம்பியின் காலுக்கு வந்தது. அன்றைக்கே பெடியள் அவருக்கு மாஸ்ரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் ஆடிக்கொண்டே பழக்குவார். எதிரணியின் முன்வரிசையாகத் தானே நின்று, தன்னை நிறுத்தும்படி பின்வரிசையை ஏவுவார். முதல் வியாழன் ஒருவன் அவர் காலை மிதித்துவிட்டான். உடனே குனிந்து அவர் சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பந்து அதன்பாட்டில் கடல் பக்கம் உருண்டது.

"இவன் என்ன செய்கிறான்?" என்று என்னிடம் கேட்டார்.

"கால் பட்டால் எங்கள் ஆட்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள்."

"எங்கள் ஊரில் கால் பட்டால், விரல் மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்போம்." சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "குனிகிற நேரத்தில் கோல் விழுந்துவிடும். இனி ஒருவனும் குனியக் கூடாது. சொல்லு."

சொன்னேன். குனிவதை நிறுத்தினார்கள்.

அந்த வருடம் நாங்கள் வெல்லத் தொடங்கினோம். ஊரில் தீவுப்பகுதியைச் சேர்ந்த ஆட்களின் குழு, மன்னார் ஆட்களின் கோயில் குழு, ஒருமுறை துறைமுகத்தில் வேலை செய்த சிசிலிப் பெடியளின் குழு என்று எல்லாரையும் எங்கள் பின்வரிசை நிறுத்தியது. தம்பியைத் தாண்டிப் பந்து போவதே அரிதானது. வியாழக்கிழமைகளில் மட்டும் மாஸ்ரர் அவனையும் மற்ற மூவரையும் சுற்றிக்கொண்டு போய்க் கோல் அடிப்பார். அடித்துவிட்டு வலது முழங்காலைத் தட்டிக் கொடுப்பார், நாயைத் தட்டுவதுபோல.

அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் தங்கும் அனுமதி, முடிய இருந்தது. கடற்கரை முதலாளி வேலைக் கடிதம் தரவில்லை; பதிவு இல்லாத வேலை. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் போய் நின்றால் ஒப்பந்தம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த நேரத்தில் மலைமேல் இருந்த ஒரு சிற்றூர்க் குழுவின் தலைவர் ஆள் தேடினார். ஆடவும் வேண்டும், பழக்கவும் வேண்டும். இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அவரால் முடியாது. மாஸ்ரர் இன்னும் ஆடுவார் என்று காட்டினால் ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோ. இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அங்கே ஆலையும் மூடியாயிற்று என்று அவருடைய தங்கை எழுதியிருந்தாள்.

"நீ கமரா கொண்டு வா. நான் ஆடுவதை எடு. முதலில் அதை அனுப்புகிறேன்," என்றார்.

எடுத்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் அறையில் கமராவைத் தொலைக்காட்சியோடு இணைத்து, நல்ல பகுதிகளைத் தெரிவுசெய்து கசற்றில் பதியத் தொடங்கினேன். வெட்டும் இடம் பார்க்க மெதுவாக ஓட விடவேண்டும். அப்படி விட்டபோதுதான் தம்பியின் கால் தெரிந்தது. பந்தை நோக்கி நீளும். மாஸ்ரரின் காலுக்குக் கிட்டப் போனதும், சூடான சட்டியில் பட்ட கைபோலச் சுருண்டு திரும்பும். அடுத்த பகுதியிலும் அதேதான். மற்ற மூவரின் கால்களும் அப்படியே.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"இதைப் பார். கால் போகுது. பிறகேன் திரும்பி வருது?"

"எங்கை?"

"இஞ்சை."

"அது மாஸ்ரர் சுழிச்சுப்போட்டார், அக்கா."

"சுழிக்கேல்லை. மனுசன் நேராத்தான் போறார். நீ வழி விடுறாய்."

திரும்பவும் ஓட விடச் சொன்னான். பார்த்தான். காதுகள் சிவந்தன.

"வேணுமெண்டு விடேல்லை. கால் போகுதில்லை."

"மன்னார்ப் பெடியனை விழுத்தேக்கை மட்டும் போச்சுது?"

"அவன் என்ரை வயசு. நான் அடிச்சா அவனும் அடிப்பான். மாஸ்ரருக்கு எப்பிடிக் கால் போடுறது? படிப்பிக்கிற மனுசன். பட்டாலும் குனியக் கூடாதெண்டு வேறை சொல்லிப்போட்டார்."

எனக்கு அப்போது முழுவதும் விளங்கியது. குனிந்து தொட விட்டிருந்தால் கால் பட்டிருக்கும், மன்னிப்பும் முடிந்திருக்கும். மன்னிப்பை எடுத்துவிட்டதால் படாமலே இருக்கப் பழகிவிட்டார்கள். மாஸ்ரர் போட்ட கணக்கில் பிழை சொல்லவும் முடியாது. பலெர்மோவில் எல்லாரையும் நிறுத்துகிறவர்களால் தன்னை நிறுத்த முடியவில்லை என்றால், முழங்கால் சுகமாகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

மாஸ்ரரை வீட்டுக்கு அழைத்தேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கசற்றைப் போட்டேன். தம்பியின் கால் சுருளும் இடத்தில் நிறுத்தினேன்.

"பார், எப்படிப் போகிறேன்," என்றார்.

"உங்களுக்குக் குறுக்கே யாருமே வரவில்லை. பயத்தில் இல்லை, மரியாதையில். நீங்கள் அவர்களுக்கு ஆசிரியர்."

"அவர்கள் வர நினைக்கும்போது நான் போய்விடுகிறேன். அதற்குப் பெயர் வேகம்."

நான் அடுத்த பகுதியைப் போட்டேன். அதற்கடுத்ததையும்.  பிறகு அவர் தானே பொத்தானை அழுத்திப் பின்னால் ஓட்டி இன்னொருமுறை பார்த்தார். தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. போகும்போது கசற்றை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வியாழன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். "இன்றைக்கு என்னை அடியுங்கள். பந்தை என்னிடமிருந்து எடுக்கிறவனுக்கு நான் பியர் வாங்கித் தருவேன்." நான் மொழிபெயர்த்தேன்.

பாய்ந்தார்கள், விழுந்தார்கள், புழுதி கிளம்பியது. ஒருவன் பந்துக்கு ஒரு முழம் தள்ளி நிலத்தை உதைத்துவிட்டு ஐயோ என்று காலைப் பிடித்துக்கொண்டு படுத்தான். தொழில்முறை நடிகர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மாஸ்ரர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் அவர்களுடைய தகப்பன் இல்லை என்று சொல்லு."

சொன்னேன். எங்கள் கோல் காப்பாளர் குழுவில் மூத்தவர். ஊரில் தீவுப்பகுதியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர், இப்போது ஒரு பாதிரியார் வீட்டில் சமையல். அவர் கம்பத்தில் சாய்ந்தபடி சொன்னார்: "தகப்பனெண்டா எப்பவோ அடிச்சிருப்பம், பிள்ளை. மாஸ்ரரெண்டபடியாத்தான் யோசிக்கிறம்."

எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று மாஸ்ரர் கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அவர் சிரித்தது அதுதான் கடைசி. பந்தைக் கீழே போட்டு, திரும்பவும் நால்வரையும் தாண்டிப் போனார். கோல் அடித்தார். முழங்காலைத் தட்டவில்லை.

அவர் கசற்றை நம்பினாரா, முழங்காலை நம்பினாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவர் போகக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது.

கசற்றைப் பார்த்த மலைக் குழுத் தலைவர் நேரில் ஆடிக் காட்டக் கூப்பிட்டார். ஒரு ஞாயிறு, வான் ஒன்றில் ஏறி நாங்கள் சிலர் அவருடன் மலைக்குப் போனோம். குளிர். மைதானத்தில் உண்மையான புல் இருந்தது. பெடியள் குனிந்து தடவிப் பார்த்தார்கள். மலைக் குழுவின் ஆட்களே இரண்டாகப் பிரிந்து ஆட, ஒரு பக்கத்தில் மாஸ்ரர். தலைவர் மேலங்கியின் பைகளில் கையை விட்டபடி கோட்டோரம் நின்றார். மாஸ்ரர் முதலில் நன்றாகவே ஆடினார். அவர் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்தது. தலைவர் பக்கத்தில் நின்றவரிடம் தலையை ஆட்டினார்.

"பார்த்தியே அக்கா," என்றான் தம்பி. நான் கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பந்தை வாங்கினார். வியாழக்கிழமைகளில் திரும்புவதுபோலவே இடது பக்கமாகத் திரும்பினார். அந்தப் பக்கத்தில் எங்கள் தரையில் எப்போதும் தம்பி நிற்பான். கால் வரும், சுருளும், வழி திறக்கும். இங்கே நின்றவன் தாடி வைத்த ஓர் இளைஞன். அவனுடைய கால் வந்தது. சுருளவில்லை. பந்தை எடுத்தது, பந்துக்குப் பின்னால் இருந்த காலையும் எடுத்தது.

சத்தம் எங்கள் கரைவரைக்கும் கேட்டது. நடுவர் விசில் ஊதவில்லை. பிழையான ஆட்டம் இல்லை அது. தாடிக்காரன் பந்தோடு அரை மைதானம் போன பிறகுதான் மற்றவர்கள் கையைத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் ஓடி வந்து, கையை நீட்டி, மாஸ்ரரால் அதைப் பிடிக்க முடியாது என்று கண்டு மடக்கிக்கொண்டான். தலைவர் "பெக்காத்தோ" என்றார். பாவம் என்று அர்த்தம். தட்டில் இருந்து இனிப்பு விழுந்தாலும் இத்தாலியர்கள் அதையே சொல்வார்கள். நான் கமராவை அமர்த்தினேன்.

வைத்தியசாலையில் கொஞ்ச நாள் இருந்தார். இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பழக்க மட்டும் ஆள் எடுக்க மலைக் குழுவுக்கு வசதியில்லை. பெர்மெஸ்ஸோ முடிந்தது.

ஊன்றுகோலோடு ஒரு வியாழன் தரைக்கு வந்தார். பியர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, பெடியளை ஒருவரோடொருவர் மோத விட்டார். முன்பு சொல்லித் தராததெல்லாம் அன்றைக்குச் சொல்லித் தந்தார். பயிற்சி முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "சரியாகச் சொல்லு, மெதுவாக்காதே," என்றார்.

"நீ அடித்திருந்தால் நான் இங்கே விழுந்திருப்பேன். தோல் போயிருக்கும். எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி எழும்பியிருப்பேன். வேறு வேலை தேடியிருப்பேன்."

மெதுவாக்காமல் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான்.  மாஸ்ரர் காத்திருந்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வீதிப் பக்கம் நடந்தார்.

அவரை ஏற்றிப்போக வந்த பஸ், ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்றது. ருமேனியாவுக்குப் போகிறவர்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் எண்ணெய்த் தகரங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு லீவு எடுக்க முடிந்த பெடியள் மட்டும் வந்திருந்தார்கள். அவருக்கு இருந்தது ஒரு பை. அதைத் தம்பி தூக்கினான். தூக்கித் திரும்பும்போது, பஸ்ஸில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலில் அவன் கால் பட்டு, அது நடைபாதையில் விழுந்தது.

தம்பி பையை வைத்துவிட்டுக் குனிந்தான். ஊன்றுகோலைத் தொட்டான். கை தானாகக் கண்ணுக்குப் போனது.

மாஸ்ரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா?" என்றார்.

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தம்பி ஊன்றுகோலை எடுத்து அவரிடம் கொடுத்தான். அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுகமான காலை முதலில் படியில் வைத்து ஏறினார்.