இஸ்திரி வண்டியில் ஒரு வானொலி

அடையாறில் ஒரு குடியிருப்பு வாசலில் இருபது வருடமாக இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசினால் நான் துணியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

போன வருடம் குடியிருப்புச் சங்கத்தினர் மாதம் ஒரு படம் காட்ட ஆரம்பித்தார்கள். திரைக்குப் பதில் பெரிய வெள்ளைத் துணி. அதைச் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. "நீயும் உக்காந்து பாருப்பா" என்றார் செயலாளர். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ருவாண்டா என்ற நாட்டுக் கதை. வானொலியில் ஒருவன் பாட்டுப் போடுகிறான், ஜோக் அடிக்கிறான், நடுநடுவே ஓர் இனத்தாரைக் கரப்பான்பூச்சி என்கிறான். யார் வீடு எங்கே என்றும் சொல்கிறான். கேட்டவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். விளக்குப் போட்டதும் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு போண்டா வந்தது.

"ஒரு ரேடியோ சொன்னா நம்பிடறதா? படிப்பில்லாத ஜனங்க, அதான்" என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஹாலில் படிப்பில்லாதவன் நான் ஒருவன்தான். நானும் ஆட்டினேன்.

துணி தயார் என்று சொல்வதற்காக அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். அதோடு கையில் சூடான பெட்டி. அதனால் குரல் செய்தி வந்தால் வண்டியில் கட்டியிருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பேன்.

அந்த வாரமே செயலாளரின் குரல் வந்தது. "எல்லாரும் உஷாரா இருங்க. வடநாட்டு ஆளுங்க பஞ்சுமிட்டாய் விக்கிற மாதிரி வந்து குழந்தைங்களத் தூக்கிட்டுப் போறாங்களாம். நாமதான் பாத்துக்கணும்."

பக்கத்து ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஓட்டுநர்கள் டீயோடு வந்து நின்றார்கள். "இன்னா மாமா, இன்னொரு தபா போடு." போட்டேன். அடுத்து வந்தவர்களுக்கும் போட்டேன். என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது அதுதான் முதல் முறை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்குப் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார். பீகார்க்காரர். மகளின் பள்ளிச் சீருடையை வாராவாரம் என்னிடம்தான் தேய்க்கக் கொடுப்பார். அன்று மதியம்கூட ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார். ஓர் ஓட்டுநர் அவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் பையைக் கவிழ்த்தார்.

"டேய், பைல கொயந்த துணி கீது! எவன் வூட்டுப் புள்ளடா?"

முதல் அறை விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னும் இரண்டு அறை விழுந்தன. கடைசியில் கீழே கிடந்த நீலப் பாவாடையை எடுத்து இடுப்புப் பட்டியின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். துணி மாறாமல் இருக்க நான் வைக்கிற மை அடையாளம்: வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

"நான் தேச்ச துணிப்பா. அவரு பொண்ணோடது."

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா மாமா? வாயில இன்னா கொயுக்கட்டையா?" என்றார் அறைந்தவர், தப்பு என்மேல் என்பது போல. தப்புதான்.

சாயங்காலம் செயலாளரின் குரல் மறுபடி வந்தது. "சந்தேகப்படும்படியான ஒருத்தரை விசாரிச்சு அனுப்பிச்சிருக்காங்க. நம்ம தெருவோட விழிப்புணர்வுக்குப் பாராட்டுகள்." கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன. நான் ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டிக்கு அடியில் போட்டேன். பஞ்சுமிட்டாய்க்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. நீலப் பாவாடையும் வரவில்லை.

அடுத்த மாதம் வெள்ளைத் துணி வந்தது, செயலாளரே கொண்டு வந்தார். "போன படம் புரிஞ்சுதாப்பா? யார் மேல தப்பு, சொல்லு பாப்போம்."

துணியைப் பார்த்தபடி சொன்னேன். "பேசுனவரு மேல சார். அத்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெச்சவன் மேலயும்."

"அட! நல்ல பாயிண்ட்டா இருக்கே" என்றார். அன்றைய கூட்டத்தில் அதைத் தன் கருத்தாகச் சொன்னாராம். பலமாகக் கைதட்டினார்களாம்.