பஸ் நின்றால் ஆட்ட வேண்டும்

வில்லியனூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். சுடிதார் முழங்கால்வரை நனைந்து, பாதமெல்லாம் ஆற்று மணல். மடியில் வாய் அகன்ற ஒரு பாட்டில். உள்ளே தண்ணீரும் ஒரு கூழாங்கல்லும். பஸ் நிற்கும்போதெல்லாம் பாட்டிலை மெல்ல ஆட்டினாள். கிளம்பியதும் நிறுத்திவிடுவாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. "ஏம்மா ஆட்டுற?"

"கல்லுல ஒரு பூச்சிக் குஞ்சு ஒட்டியிருக்குக்கா. ஓடுற தண்ணியில பொறந்தது. தண்ணி நின்னா மூச்சு முட்டிடும். ஓடறப்ப பஸ்ஸே ஆட்டிடுது."

"இத வச்சு என்ன பண்ணுவ?"

"ஆத்துல எங்கெங்க எந்தப் பூச்சி இருக்குன்னு பாக்கறேன். இதுக்கு றெக்கை முளைச்சாத்தான் எந்த வகைன்னு சொல்ல முடியும். போன வருஷம் கல்லைப் புரட்டினா நெறைய இருந்துது. இன்னிக்கு காலையிலேர்ந்து தேடி இது ஒண்ணுதான்."

நெல்லித்தோப்பு சிக்னலில் அவளுக்கு போன் வந்தது. பாட்டிலை என்னிடம் நீட்டினாள். ஆட்டினேன். நகத்தளவுகூட இல்லை அது. மூன்று வாலோடு அசையாமல் கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

றெக்கை முளைத்ததா, தெரியாது. இன்றும் அந்த சிக்னலில் பஸ் நின்றால், மடியிலிருக்கும் காய்கறிப் பையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.