இரண்டிலும் சிவப்பு அரளி

ஏமாற்றினேன். இலஞ்சி முருகன் கோயிலில், என்னை நம்பி வந்த ஒரு பெண்ணைப் பூக்கட்டிப் பார்த்து ஏமாற்றினேன்!

நான் யாரென்று கேட்பீர்கள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில், மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் பேராசிரியை. 'உன் முடிவை நீயே எடு' என்று மேடைதோறும் வாய் கிழியப் பேசுகிறவள்...

பேச்சியம்மாள் வேதியியல் இறுதியாண்டு மாணவி. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவளுக்கோ பி.எட். படித்து, சொந்த ஊரான ஆலங்குளத்திலேயே டீச்சராக ஆசை. ஒரு வாரமாக என் அறைக்கு நடையாய் நடந்தாள்.

"எதுன்னாலும் பயமாட்டு இருக்கு மேடம். பூக்கட்டிப் பாத்துருவோம். நீங்களே கட்டுங்க."

நான் அப்போதே மறுத்திருக்க வேண்டாமா? சிவப்பு வந்தால் ஓசூர், வெள்ளை வந்தால் பி.எட். என்று பேசிக்கொண்டோம். கோயிலுக்குப் போனதும் அவள் பிரகாரம் சுற்றப் போனாள். நான் வாழையிலையைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் சிவப்பு அரளி!

அவள் நன்மைக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! வேலை கிடைத்தவர்களின் படத்தோடு கல்லூரி வாசல் பேனரில் என் பெயரும் வரும்... அந்த அற்பத்துக்குத்தான்.

சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். முகம் வாடியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முருகனே சொல்லிட்டாரு. இனி பயமில்ல மேடம்."

மற்றப் பொட்டலத்தை அவசரமாகக் கைப்பைக்குள் திணித்தேன்.

அது போன வருஷம். நேற்று ஓசூரிலிருந்து பேசினாள். அழுதாள்.

"இங்கன இருக்கவே முடியல மேடம். விட்டுட்டு வரவான்னும் தெரிய மாட்டுக்கு. ஞாயித்துக்கிழமை வாரேன், மறுபடி பூக்கட்டிருங்க. ஒங்க கை ராசியான கை."

என் கை! உண்மையைச் சொன்னால் இனி யாரை நம்புவாள்? சொல்லாவிட்டால், ஆயுசுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பூவும் நானும் வேண்டும் அவளுக்கு. தைரியம் கொடுக்கவேண்டியவள் கொடுத்தது இதைத்தானா?

இன்று சனிக்கிழமை. குற்றாலச் சாரல் ஜன்னலில் அடிக்கிறது. இருப்புக்கொள்ளாமல் அறைக்குள் நடக்கிறேன்... நாளை சொல்லிவிடுவேன், கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று காலையிலிருந்து எத்தனை முறை சொல்லிக்கொண்டேன்!

ஆனால் சாயங்காலம் பூக்கடைக்குப் போய் வந்துவிட்டேன். வெள்ளை அரளி மட்டும் வாங்கியிருக்கிறேன்.